கைவிட்ட பாதையில் நிற்கும் கிராசிங் சிக்னல்: கழற்றுவதா, வாங்குவதா, விட்டுவிடுவதா?

போன மாதம் அயோவாவில் இருக்கும் நண்பர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். சோளக்காட்டை ஒட்டிய கிராமத்துச் சாலை. குறுக்கே போன தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றி மூடியிருந்தார்கள். ஓரத்தில் வெள்ளிப் பெயின்ட் உரிந்த ஒரு கம்பம். உச்சியில் பெருக்கல் குறிபோல இரண்டு வெள்ளைப் பலகைகள், அதற்குக் கீழே ஒரு ஜோடி சிவப்பு விளக்கு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல். படத்துக்கு அடியில் ஒரே வரி: "ஸ்பேனரோட போகட்டுமா?"

இல்லினாயில் என் காராஜில் இப்படிப்பட்ட பழைய இரும்பு கொஞ்சம் கிடக்கிறது என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். போகாதீர்கள் என்றேன். உடனே "அப்போ எப்படித்தான் கிடைக்கும்?" என்றார். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது. அமெரிக்காவில் பழைய கிராசிங் சிக்னல் ஒன்று, அதாவது சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் ரயில் வருகிறது என்று எச்சரிக்கும் கம்பம், வீட்டுக்கு வர நான்கு வழிகள் உண்டு. செலவு, உழைப்பு, தலைவலி எல்லாம் வழிக்கு வழி மாறும்.

முதலில் இதில் என்ன மோகம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊரில் ரயில்வே கேட் என்றாலே ஒரு ஆள் நினைவுக்கு வருவார். குடிசை மாதிரி ஒரு அறை, சுருட்டி வைத்த கொடி, சுற்றிச் சுற்றி இறக்கும் தடுப்புக் கம்பம், கேட்டுக்கு இரண்டு பக்கமும் வேர்க்கடலை விற்பவர்கள். அமெரிக்கக் கிராமப்புறத்தில் அந்த ஆள் கிடையாது. ஆள் செய்யும் வேலையைக் கம்பம் செய்கிறது. வில்லியம் ராபின்சன் 1872ல் கண்டுபிடித்த டிராக் சர்க்யூட்தான் அதற்கு அடிப்படை. தண்டவாளத்தில் சின்ன மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். ரிலே என்கிற மின்காந்த சுவிட்சுக்கு மின்சாரம் போகாமல் அது விழும். விழுந்தால் விளக்கு மாறி மாறி மின்னும், மணி அடிக்கும். ஏதாவது அறுந்து கெட்டுப்போனாலும் ரிலே விழுந்து எச்சரிக்கை வந்துவிடும் என்பதுதான் இதன் அழகு.

யாருடைய சொத்து?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் எந்த வழியிலும் இறங்கக் கூடாது. பேச்சுவழக்கில் நாம் "கைவிட்ட பாதை" என்று சொல்வது ஒன்று. சட்டம் சொல்வது வேறு. ரயில் ஓடி இருபது வருடம் ஆனாலும், தண்டவாளத்துக்கு நடுவே மரமே வளர்ந்தாலும், அந்தப் பாதை "தற்காலிகமாகச் சேவையில் இல்லை" என்ற கணக்கில் இருக்கலாம். சட்டப்படி கைவிட வேண்டுமானால் ரயில் கம்பெனி வாஷிங்டனில் உள்ள தரைப் போக்குவரத்து வாரியத்தில் மனுப் போட வேண்டும். 1996க்கு முன்பு அந்த வேலையை மாநிலங்களிடை வணிக ஆணையம் செய்தது. இரண்டு வருடமாக உள்ளூர்ச் சரக்கு எதுவும் போகாத பாதைக்குச் சுருக்கு வழி உண்டு. அனுமதி கிடைத்த பிறகும், நிஜமாகவே கைவிட்டுவிட்டோம் என்று கம்பெனி இன்னொரு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதுவரை அனுமதி வெறும் காகிதம்தான்.

சைக்கிள் பாதையாக மாறிவிட்டால்? அது இன்னும் குழப்பம். 1983ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, எதிர்காலத்தில் மறுபடி ரயில் விடலாம் என்ற ஏற்பாட்டோடு பாதையை நடைபாதைக்குக் கொடுத்து வைக்கலாம். அப்படிக் கொடுத்தது சட்டத்தின் கண்ணில் கைவிடப்பட்டதே அல்ல. நிலம் ஒருவருடையது, தடம் ஒருவருடையது, சிக்னல் மூன்றாவது ஆளுடையது என்று இருக்கும். அந்தச் சிக்னலை மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பணத்தில் நட்டிருக்கவும் கூடும். ஆனால் "யாருடையதும் இல்லை" என்ற நிலை மட்டும் நான் பார்த்த வரை வந்ததே இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று கம்பத்திலேயே இருக்கிறது. நீலநிறத் தகடு ஒன்றைத் தேடுங்கள். அதில் ஒரு போன் நம்பரும், ஆறு இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட கிராசிங் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை மத்திய ரயில்வே நிர்வாகத்தின் கிராசிங் பட்டியலில் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனி, எந்த மைல் கல், இப்போது என்ன நிலை என்று வரும். பட்டியல் எப்போதும் புதுப்பித்ததாக இருக்காது. ஆனாலும் தொடங்க அதுபோதும். தகடு விழுந்துவிட்டதென்றால் பழைய நில அளவை வரைபடங்களைப் புரட்ட வேண்டியதுதான். விளக்கின் முகத்தையும் பாருங்கள். சாக்குப்பை கட்டியிருந்தாலோ, சாலையைப் பார்க்காமல் திருப்பி வைத்திருந்தாலோ, யாரோ ஒரு சிக்னல் ஊழியர் அதை முறையாக நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு ஒரு கம்பெனி இருக்கிறது.

வழி ஒன்று: நாமே போய்க் கழற்றுவது

அனுமதி இல்லாமல் என்றால் இதைப் பற்றிப் பேசவே எதுவும் இல்லை. அத்துமீறல், திருட்டு, அதற்கும் மேலே ரயில் சிக்னலைக் குலைப்பதற்கு மத்தியச் சட்டமே தனியாக இருக்கிறது. இந்தியாவிலும் 1966ஆம் வருடச் சட்டப்படி, ரயில்வே சொத்தை முறையில்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆக எங்கே இருந்தாலும் ஸ்பேனர் ஆசை ஆபத்துதான்.

அனுமதியோடு என்றால்? செய்யலாம். பெரிய கம்பெனிகளுக்கு எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் நுழைவு ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, எது நடந்தாலும் வழக்குப் போடமாட்டேன் என்ற உறுதிமொழி என்று காகிதம் நீளும். நாற்பது ஐம்பது மைல் மட்டும் வைத்திருக்கும் சின்னக் கம்பெனிகளில் நிலைமை வேறு. அங்கே போன் எடுப்பவரே முடிவெடுப்பவராக இருப்பார். என் முதல் சிக்னல் அப்படித்தான் கிடைத்தது. நாலு கடிதம், ஐந்து மாதம். கடைசியில் கம்பெனி முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம்: இந்தக் கிராசிங்கில் இருக்கும் இந்தக் கம்பத்தை இன்னார் இத்தனை டாலருக்கு வாங்கி எடுத்துச் செல்லலாம், இத்தனை தேதிக்குள்.

பிறகுதான் உண்மையான வேலை. கம்பத்தின் அடியில் வார்ப்பிரும்புப் பீடம் ஒன்று இருக்கும். கான்கிரீட்டில் புதைத்த நான்கு போல்ட்டில் அது உட்கார்ந்திருக்கும். நாலு நட்டுதானே என்று போனோம். மூன்று நட்டு, முந்தின நாளே ஊற்றி வைத்த எண்ணெயில் இளகி வந்துவிட்டது. நாலாவது நட்டு அறுபது வருடத் துருவில் போல்ட்டோடு ஒன்றாகிப் போயிருந்தது. கூட வந்தவர் பொறுமை இழந்து சம்மட்டியால் பக்கவாட்டில் ஒரு போடு போட்டார். நட்டு அசையவில்லை. டங் என்று ஒரு சத்தம் வந்தது. பீடத்தில் மூலைக்கு மூலை விரிசல். வார்ப்பிரும்பு வளையாது, உடையும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? பிளேடு போட்டு நட்டை அறுத்திருந்தால் பத்து நிமிட வேலை.

அப்புறம் எடை. விளக்கு, பலகை, மணி எல்லாம் சேர்ந்த கம்பம் சில நூறு பவுண்டு வரும். எடையில் பாதிக்கு மேல் உயரத்தில் இருக்கும். இரண்டு பேர் தாங்கிப் படுக்க வைக்கலாம் என்று நினைத்தால் முதுகு போகும், இல்லையென்றால் கால் போகும். பக்கத்துத் தோட்டத்து விவசாயியிடம் டிராக்டர் கேளுங்கள். அதற்கும் முன்பு மின்சாரம். பாட்டரியைச் சார்ஜ் செய்வதற்காக 120 வோல்ட் இணைப்பு வந்திருக்கும். ரயில் நின்று வருடக்கணக்கானாலும் அந்த இணைப்பை யாரும் துண்டிக்காமல் விட்டிருக்கலாம். பழைய பாட்டரிக் குழி இருந்தால் கையை விடாதீர்கள். எடிசன் காலத்துக் கண்ணாடி ஜாடிப் பாட்டரிகளில் காஸ்டிக் சோடாக் கரைசல் இருந்தது; ஜாடி அழகாக இருக்கும், உள்ளே இருப்பது தோலை அரிக்கும்.

இந்த வழியில் பணம் குறைவு. மற்றதெல்லாம் அதிகம். ஒருமுறை செய்யலாம், நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சும்.

வழி இரண்டு: தண்டவாளம் பிரிக்கும் காண்டிராக்டர்

என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. பலர் இதை யோசிப்பதே இல்லை.

பாதையைக் கைவிட்டதும் கம்பெனி தண்டவாளத்தையும் கட்டைகளையும் மற்ற இரும்புச் சாமான்களையும் டெண்டர் விட்டு விற்றுவிடும். எடுக்கும் காண்டிராக்டருக்கு வேண்டியது தண்டவாளம். நல்லதை வேறு எங்காவது மறுபடி போடலாம். தேய்ந்தது எடைக்குப் போகும். சிக்னல் அவருக்கு ஒரு தொந்தரவு. ரிலே, பாட்டரி, சார்ஜர் போன்ற பயன்படும் பொருள்களைக் கம்பெனியின் சிக்னல் பிரிவு ஏற்கெனவே எடுத்துப் போயிருக்கும். மிஞ்சிய கம்பமும் விளக்குத் தலைகளும் காயலான் கடைக்குப் போக வேண்டியவை. காயலான் கடைக்காரர் கொடுக்கும் எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுக்க ஒருவர் வந்து நின்றால் காண்டிராக்டருக்குச் சந்தோஷம்தான். கிரேன் அவரிடமே இருக்கிறது. கம்பத்தை அலுங்காமல் தூக்கி உங்கள் டிரெய்லரில் வைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேல், அவரிடம் கம்பெனி கொடுத்த விற்பனைச் சீட்டு இருக்கும். அதிலிருந்து உங்களுக்கு ஒரு சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நாளை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பல மாநிலங்களில் ரயில்வே சாமானைக் காகிதம் இல்லாமல் காயலான் கடைக்காரர்கூட வாங்கமாட்டார்.

எப்போது பிரிக்கப் போகிறார்கள் என்று எப்படித் தெரியும்? வாரியத்தில் போடும் மனு பொதுவில் கிடைக்கும். எந்த மைல் கல்லிலிருந்து எந்த மைல் கல் வரை, எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எந்த அஞ்சல் எண் என்று அதில் எழுதியிருக்கும். மனுவோடு சுற்றுச்சூழல் அறிக்கையும் வரலாற்று அறிக்கையும் உண்டு. ஐம்பது வருடத்துக்கு மேலான பாலம், கட்டடம் இருந்தால் படத்தோடு போட்டிருப்பார்கள். சில சமயம், வரலாற்று ஆய்வு முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று வாரியம் நிபந்தனை விதிக்கும். காலையில் காபியோடு பத்து நிமிடம் இந்த மனுக்களைப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். மனைவி இதைக் கருமாதி அறிவிப்பு படிப்பது என்பார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து டெண்டர் யாருக்கு என்று கேட்டு, அந்தக் காண்டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பிரிக்கத் தொடங்கிய பிறகு போனால், கம்பத்தை அடியில் வெட்டிச் சாய்த்து, விளக்குத் தலை மேல் தண்டவாளத்தைப் போட்டிருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அவர் வசதிக்குத்தான் நாம் போக வேண்டும். "நாளைக் காலை ஏழு மணிக்கு வா" என்பார், இடம் இருநூறு மைல் தள்ளி இருக்கும். எல்லாச் சிக்னலையும் மொத்தமாக எடுத்தால்தான் தருவேன் என்பவர்களும் உண்டு.

வழி மூன்று: கடை, சந்தை, ஏலம்

கையில் காசு இருக்கிறது, முதுகு இல்லை என்பவர்களுக்கு இது. ரயில் பழம்பொருள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் எல்லாமே கிடைக்கும். ஒரு ஜோடி விளக்குத் தலை சில நூறு டாலர் என்றால், விக்வாக் என்ற பழைய ஆடும் தட்டுச் சிக்னல் ஆயிரங்களில் போகும். இங்கே பிரச்சினை இரண்டு. ஒன்று, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. "என் மாமா ரயில்வேயில் வேலை பார்த்தார்" என்பது சீட்டு ஆகாது. இன்னொன்று, கலப்படம். யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியின் கம்பக் கவ்வியில் ஜெனரல் ரயில்வே சிக்னல் என்ற வேறு கம்பெனியின் விளக்கு, அதில் நேற்று வார்த்த பிளாஸ்டிக் கண்ணாடி என்று சேர்த்துக் கட்டி விற்பார்கள்.

நான் பார்ப்பது கண்ணாடியைத்தான். பழைய விளக்கின் கண்ணாடி எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே குறுக்களவு இருக்கும். பின்னால் வந்தவை பன்னிரண்டு அங்குலம். உள்பக்கம் கோடு கோடாக இருப்பது அலங்காரம் இல்லை. ஒளியை எத்தனை டிகிரி பக்கவாட்டில் விரித்து, எத்தனை டிகிரி கீழே சாய்க்க வேண்டும் என்பதற்கான வார்ப்பு. "30-15" என்ற மாதிரி எண் கண்ணாடியிலேயே இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் சின்னச் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். பெருக்கல் பலகையில் எழுத்துக்குள் குண்டுக் கண்ணாடி பதித்தவை பழையவை. காரின் விளக்கொளி பட்டதும் பூனைக்கண் மாதிரி மின்னும். அந்தக் கண்ணாடிகளில் பாதி இல்லாமல், துப்பாக்கிக் குண்டு துளையும் ஒன்றிரண்டு இருந்தால் அசல் கிராமத்துப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

மணியை மட்டும் இந்த வழியில் வாங்கலாம் என்பது என் கருத்து. கைக்கு அடக்கம், பார்சலில் வரும், 12 வோல்ட் கொடுத்து விற்பவர் முன்னாலேயே அடித்துப் பார்த்துவிடலாம்.

வழி நான்கு: விட்டுவிடுவது

விக்வாக் விஷயத்தில் நான் இந்தக் கட்சி. தெரியாதவர்களுக்கு: நடுவில் சிவப்பு விளக்கு வைத்த வட்டத் தட்டு ஒன்று, பெண்டுலம் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். ரயில் ஊழியர் கையில் விளக்கை ஆட்டி வண்டிகளை நிறுத்துவாரே, அதே அசைவு. பசிபிக் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹன்ட் 1909ல் இதை உருவாக்கினார். லாஸ் ஏஞ்சலஸில் மேக்னடிக் சிக்னல் கம்பெனி இதைச் செய்து விற்றது. மின்காந்தம் இழுத்து ஆட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது மினியாபொலிஸின் கிரிஸ்வோல்ட் கம்பெனி கைக்குப் போய், 1949ல் புதிதாகச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். உதிரிப் பாகங்கள் கிடைக்காமல், ஒன்றை உயிரோடு வைக்க இன்னொன்றைப் பிரித்துப் போட்டுப் போட்டு எண்ணிக்கை கரைந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் பாயின்ட் ரிச்மண்ட் ஊரில் இரண்டு விக்வாக் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் ரயில் கம்பெனி அவற்றை எடுத்துவிட்டு நவீன கேட் வைக்கப் போனபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. புது கேட்டும் வந்தது. பழைய விக்வாக்குகளும் இயங்காத காட்சிப் பொருளாக அதே இடத்தில் நின்றன. அப்படி ஊர் நடுவில் நிற்பது என் காராஜில் நிற்பதைவிட மேல். எங்காவது காட்டுக்குள் ஒன்று தென்பட்டால் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிடுங்கள். கம்பெனியும் தனி ஆளுக்குத் தருவதைவிட அருங்காட்சியகத்துக்குச் சுலபமாகக் கொடுக்கும். பெயரும் கிடைக்கும், பொறுப்பும் முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

எந்த வழியில் வந்தாலும் அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் வெளியில் கொடுத்துத்தான் சுத்தம் செய்வேன். பல்பு பத்து வோல்ட். கொஞ்சம் குறைத்து ஒன்பதுக்கு அருகில் கொடுத்தால் நீண்ட நாள் வரும். நிமிடத்துக்கு 35 முதல் 65 தடவை மின்ன வேண்டும் என்பது ரயில் கணக்கு. நான் 45ல் வைத்திருக்கிறேன், கண்ணுக்குச் சுகம்.

முன் வாசலில் சாலையைப் பார்த்து நடாதீர்கள். சாலையிலிருந்து தெரிகிற மாதிரி ரயில்வே சிக்னல் போல ஒன்றை வைப்பது பல மாநிலங்களில் தடை. சட்டம் கிடக்கட்டும், இருட்டில் புதிதாக வருகிற ஒருவர் சடன் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் என்ன ஆவார்?

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லுக்கு மேலே நீலத் தகட்டின் ஒரு மூலை தெரிந்தது. காரிலிருந்தபடியே எண்ணைப் படித்துப் போன் செய்தார். எடுத்தவர் எண்ணைக் கேட்டுக்கொண்டு, "தார் போட்டு மூடியது கவுண்டி, பாதை இன்னும் எங்களுடையதுதான்" என்றாராம். அடுத்த வருடம் கைவிடும் மனுப் போடப் போகிறார்களாம். காண்டிராக்டர் யார் என்று அப்போது கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போதைக்கு நண்பர் வேலைக்குப் போகும்போது இரண்டு மைல் சுற்றி அந்தச் சாலை வழியாகப் போகிறார், கம்பம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.